உபரி மணி

பராபின்ஸ்க் தாண்டியதும்
எங்கள் ஒன்பதாம் பெட்டிக்கு ஒரு மணி நேரம் இனாம்.
மேற்கே போகிற ரயிலுக்கு இரவு நீளம்.
ஓம்ஸ்க் எல்லையில் கடிகாரத்தைப் பின்னே தள்ள வேண்டும்;
போன மூன்று மணி
வாசலில் எதையோ மறந்தவர் போல
மறுபடியும் வந்து நிற்கும்.
சம்பளக் கணக்கில் அது இல்லை.
'ருஷானியா' என்று என் சட்டையில் குத்திய தகரத்துக்கும்
அந்த நேரத்தில் வேலை இல்லை.

எழுப்புவதுதான் என் தொழில்.
இருபதாம் படுக்கை, இஷிம்.
நாற்பத்திரண்டு, ஓம்ஸ்க்; இரண்டு பை, ஒரு குழந்தை.
கால் பெருவிரலைத் தொட்டால் போதும், பெயர் வேண்டாம்.
என்னை எழுப்ப ஆளில்லை.
தஹஜ்ஜுத்துக்குப் பாங்கு இல்லை.
விட்டுவிட்டால் ஏனென்று கேட்க ஒரு வாயும் இல்லை.
முதல் குளிர்காலத்தில் அதனால்தான் விட்டேன்.
இரண்டாம் குளிர்காலத்தில்
அதனால்தான் பிடித்துக்கொண்டேன்.
எல்லா இரவும் இல்லை.
பல இரவுகள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கியிருக்கிறேன்.

கழிப்பறைக் குழாய்க்கு அடியில் ஓர் ஆணி.
ஒரு கை அதை மேலே அழுத்திக்கொண்டிருந்தால்தான்
மறு கைக்குத் தண்ணீர்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
ஒளுச் செய்து முடிப்பதற்குள்
ஆயிரம் பிர்ச் மரங்கள் கடந்திருக்கும்.
முழங்கையில் வழிகிற நீர்
தூக்கத்தை உரித்து என் கையிலேயே கொடுக்கிறது.

எங்கள் அறை இரண்டு எட்டு.
மேல் பலகையில் நினா, கனவிலும் இருமுகிறாள்.
விளக்கின்மேல் துணியைப் போட்டு
அவளுக்குக் கொஞ்சம் இருட்டு ஒதுக்கினேன்.
கிப்லா இடது ஜன்னலின் முன்மூலையில் என்பது என் கணக்கு.
தண்டவாளம் வளைந்தால் கணக்கும் வளைகிறது.
கடமைக்கு நின்று திசை தேடுவேன்.
உபரிக்கு,
வாகனம் போகிற பக்கமே முகம் என்று சலுகை உண்டு.
ஒட்டகத்தின் முதுகில் கிடைத்தது
இரும்புக்கும் செல்லும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்
அவன் தாழ்ந்த வானத்துக்கு இறங்கிக்
கேட்கிறானாம்:
கேட்பவர் உண்டா?
கேட்டேன்.
கேட்டதும் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

பகலில் என் பட்டியல் நீளம்.
வீட்டுக் கடன், முழங்கால்,
மூன்று வருடமாய்ப் பேசாத தம்பி.
நெற்றி தரையில் பட்டதும்
சக்கரத்தின் தடதடப்பு மண்டைக்குள் ஏறி
எல்லாவற்றையும் உலுக்கி உதிர்த்துவிட்டது.
மிஞ்சியது நினாவின் எக்ஸ்ரே.
வெள்ளிக்கிழமை கைக்கு வரும்.
அவள் வேண்டச் சொல்லவில்லை.
வேண்டினேன் என்று அவளுக்குத் தெரியவும் வேண்டாம்.

கதவு தட்டும் சத்தம் ஸஜ்தாவுக்குள் வந்தது.
ஸலாம் கொடுத்துத் திறந்தேன்.
முப்பத்தொன்றாம் படுக்கை. எண்ணெய்க் கிணற்றிலிருந்து
வீடு திரும்புகிறவர், ஒரு கன்னம் வீங்கி.
பல்.
சமோவாரில் வெந்நீர் பிடித்து உப்புப் போட்டுக் கொடுத்தேன்.
கொப்பளித்தார். துப்பினார். மறுபடி நீட்டினார்.
எட்டு ரக்அத் என்று நினைத்திருந்தேன்.
நான்கு நின்றேன்.
மீதி நான்கு அந்தக் கண்ணாடிக் குவளையில் போனது.
போனதா, சேர்ந்ததா,
தோளிலிருந்து எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

"தூங்கவில்லையா நீங்கள்?" என்றார்.
"டூட்டி" என்றேன்.
பொய்யில்லை.

பதிவேட்டில்
சர்க்கரைக்குக் கட்டம் உண்டு, விரிப்புக்கு உண்டு,
உடைந்த குவளைக்கும் உண்டு.
இரண்டாம் முறை வந்த மூன்று மணியை எங்கே எழுதுவது?
நான் முள்ளைப் பின்னே தள்ளியபோது
நினா கண் திறக்காமல் கேட்டாள்,
"மணி என்ன?"
"இன்னும் இருக்கிறது" என்றேன். திரும்பிப் படுத்தாள்.

ஓம்ஸ்க் விளக்குகள்.
நாற்பத்திரண்டின் கால் விரலைத் தொட்டேன்.
"ஐந்து நிமிடம்" என்றது போர்வை.
எத்தனை வருடம் நான் சொன்ன ஐந்து நிமிடம்!
குழந்தை முன்னமே விழித்து
ஜன்னல் பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது.
நான் விரிப்பை உருவத் தொடங்கினேன்.